முப்பத்தொன்றாவது வாய்தா

டவாலி கூப்பிடும்போது
அந்தப் பெயர் ஒருநாளும் நசீமுன்னிசா இல்லை.
நஜிமுனிசா, நசிமூனிஷா,
ஒருமுறை வெறும் முனுசாமி.
எந்தப் பெயருக்கும் அவர் எழுந்து நிற்பார்.

ஜாம்பஜாரில் பிளாஸ்டிக் சாமான் கடை.
அட்வான்ஸ் எண்பதாயிரம்.
காலி செய்து சாவியைக் கொடுத்து ஏழு வருஷம்,
பணம் வரவில்லை.
சிறுவழக்கு நீதிமன்றம் என்று போர்டு.
இதில் சிறுசு எது என்று
அவர் என்னைக் கேட்டதில்லை.

இன்றைக்கும் எதிர்த்தரப்பு ஜூனியர் பையன் எழுந்து
சீனியர் வேறு கோர்ட்டில், டைம் வேண்டும் என்றான்.
நீதிபதி தலை நிமிரவில்லை.
பதினேழாம் தேதி.
மின்விசிறி பத்துச் சுற்று சுற்றுவதற்குள்
நாங்கள் வராந்தாவில் இருந்தோம்.

அங்கிருந்து பார்த்தால் பழைய கலங்கரை விளக்கம்.
இப்போது எரிவதில்லை.
அதன் நிழலில் நோட்டரிகளின் பைக்குகள்.

"வாய்தா போட்டுட்டாங்க" என்றேன்.
இன்றைக்குத்தான் அவர் சிரித்தார்.

"எங்க வீட்டு பாஷையில வாதான்னா
என்னன்னு தெரியுமா மேடம்?
வாக்கு. குடுத்தா காப்பாத்தணும்.
மொத தடவை நீங்க அதைச் சொன்னப்போ
ஜட்ஜய்யா எனக்கு வாக்கு குடுத்துட்டாருன்னு
எம் மவனுக்கு போன் போட்டுச் சொல்லிட்டேன்."

எங்கள் குமாஸ்தா ஏகாம்பரத்திடம் வேறு அகராதி.
"வாய் தா. அவ்ளோதான் மேடம்.
வாயைக் குடு, நாளை வாங்கு."
பதினெட்டு வருஷமாகக் கறுப்பு அங்கி.
சொல்லைத் திருப்பிப் பார்த்ததில்லை நான்,
கண்டக்டர் தந்த சில்லறையை
எண்ணாமல் பையில் போடுகிற மாதிரி.

அரபியில் புறப்படும்போது அது வாக்குத்தான்.
பாரசீகக் கணக்கர்களின் மசியில் தோய்ந்து
நவாபு கச்சேரி வழியாக வந்திருக்க வேண்டும்.
கிஸ்தி கட்டும் கெடுவுக்கும் அதே பெயர்:
இன்ன தேதிக்குள் தருகிறேன் என்று
குடியானவன் சொன்ன சொல்.
பிறகு 'தருகிறேன்' உதிர்ந்து
தேதி மட்டும் நின்றுவிட்டது.
எந்த வருஷம், யார் கையில் உதிர்ந்தது,
எந்தக் கட்டிலும் இல்லை.

டைரிகளை எடுத்து எண்ணினேன். முப்பத்தொன்று.
நீதிபதி மாற்றம் நான்கு. வெள்ளம் ஒன்று.
கட்டு காணவில்லை மூன்று,
அது பீரோவுக்குப் பின்னால் விழுந்து கிடந்தது.
புறக்கணிப்பு ஆறு. நானும் கோஷம் போட்டேன்.
மிச்சமெல்லாம் எதிர்த்தரப்பு.

மிச்சமெல்லாம் இல்லை.
இரண்டு என்னுடையவை.
ஒன்று, அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த வாரம்.
மற்றதற்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டு
எழும்பூரில் ஒரு ஜாமீனுக்கு
ரொக்கமாக ஃபீஸ் எண்ணிக்கொண்டிருந்தேன்.
மறுநாள் அவர் இரண்டு பஸ் மாறி
தம்புச் செட்டித் தெருவில் மாடி ஏறி
தூக்கில் ஆட்டுக்கால் சூப் வைத்துவிட்டுப் போனார்.
மிளகு தூக்கலாக இருந்தது என்றான் ஏகாம்பரம்.
நான் குடிக்கவில்லை.

இன்று டைரியை அவரிடம் நீட்டினேன்.
பதினேழாம் தேதிப் பக்கம்.
இடது ஓரத்தில் வழக்கு எண்,
அதையொட்டி வாய்தா என்று என் கிறுக்கல்.
"உங்க எழுத்துல எழுதுங்க, எப்படி இருக்குன்னு பாக்கறேன்."
பேனாவை வாங்கித் தாளின் வலது ஓரத்தில் ஆரம்பித்தார்.
நான்கே எழுத்து. ஒரு புள்ளிகூடக் கிடையாது.
ஒரே கோட்டில் எதிரெதிராக வந்த இரண்டுக்கும் நடுவில்
ஒரு விரல் அகலம் வெற்றுத்தாள்.

"பதினேழா? ஜும்மா ஆச்சே" என்றார்.
"பத்தரைக்கே வந்துருங்க" என்றேன்.
வழக்கமாகச் சேர்த்துச் சொல்லும்
'இந்தத் தடவை கண்டிப்பா முடிஞ்சிரும்'
வாய்வரை வந்தது.
தரவில்லை.